பத்தொன்பது புத்தகங்களும் ஒரு பெருவிரலும்

எனக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அப்போது நான் முதல்நாளுக்குரிய நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். "மாலை மழை. மீன்காரர் வரவில்லை" என்பதுதான் எழுத வேண்டியிருந்தது. "மாலை ம" வரை பேனை ஒழுங்காகப் போனது. அதன் பிறகு கோட்டை விட்டு இறங்கி, பக்கத்தின் ஓரத்தையும் தாண்டி, மேசைவிரிப்பில் கொழும்பின் காலி வீதியைப் போல நேராக ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே விழுந்தது. நாற்பத்தொரு வருடமாக ஒருநாள் விடாமல் எழுதிய நாட்குறிப்பு அந்த எழுத்தோடு நின்றது. பின்னாளில் இதை ஆராய்கிறவர்கள் அந்த இடத்தில் குழம்பப்போகிறார்கள் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கவலைப்பட்டேன். அப்படி ஆராயப்போகிறவர் எவரும் இல்லை என்பது என் மனைவியின் கருத்து. அவள் எதையும் ஆதாரம் இல்லாமல் சொல்லிவிடுவாள்.

டொக்டர் இதைச் சின்னது என்றார். வாய்க்கோணல் ஒரு வாரத்தில் நேரானது. வலது கால் மூன்றாவது வாரத்தில் ஓரளவு சொல்வழி கேட்டது. பேச்சு போகவேயில்லை, வீட்டில் சிலருக்கு அதில் ஏமாற்றம். வலது கை மட்டும், பஸ்ஸில் யாரோ மறந்து விட்டுப்போன குடையைப் போல என் மடியில் கிடந்தது.

அதன் பிறகு புத்தகங்கள் வரத் தொடங்கின.

வெள்ளவத்தையில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தோடம்பழம் கொண்டுவருவார்கள், அல்லது மால்ட் டின். எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்காரருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தபோது அவர் வீட்டில் பதினொரு மால்ட் டின்கள் இருந்ததை நானே எண்ணிக் குறித்திருக்கிறேன். ஆனால் நான் நிறையப் படிக்கிறவன் என்று ஊரில் பேரெடுத்துவிட்டேன். அப்படிப்பட்டவனுக்குத் தோடம்பழம் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று சனங்கள் நினைக்கிறார்கள். ஆகவே எனக்குப் புத்தகம் வந்தது. ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒன்றில் சூரியன் உதித்தது, அல்லது ஒருவர் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நின்றார். கழுகு நான்கு தடவை வந்தது.

பதினொரு வாரத்தில் மொத்தம் பத்தொன்பது. உழைப்பைப் பற்றி எட்டு, விசுவாசத்தைப் பற்றி ஏழு, மனதின் உள்வலிமையைப் பற்றி நான்கு. எனக்கு வரும் எந்தப் புத்தகத்திலும் முதல் தாளில் கிடைத்த திகதி, நேரம், தந்தவர், அன்றைய வானிலை ஆகியவற்றை எழுதுவது என் வழக்கம். கை இல்லாதபடியால் மனைவியை எழுதச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, ஓசியில வந்த புத்தகத்துக்கு மழை பெய்ததோ வெயில் எறிச்சதோ எண்டு எழுத நான் என்ன உங்கட கிளாக்கரே?" என்றாள்.

"திகதியாவது போடும்."

"ஓம். அடுப்பில கறி கிடக்கு. அதுக்கும் திகதி போட்டு வைக்கட்டே?"

பத்தொன்பதையும் நான் படித்தேன். இடது கையால் தாளைப் புரட்டுவது தவிர வேறு வேலை இல்லாதவன் எதையும் படிப்பான். உழைப்பைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் விடிய நாலு மணிக்கு எழுந்து ஓடச் சொன்னார். பின்னட்டைப் படத்தில் அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். விசுவாசப் புத்தகம் ஒன்றில் நாற்பது நாளுக்கு நாற்பது செபங்கள். முதல்நாள் கையை மார்பில் வைக்கச் சொன்னது. எந்தக் கையை என்று சொல்லவில்லை. உள்வலிமைப் புத்தகம் ஒன்று என் உள்ளே உறங்கும் சிங்கத்தைத் தட்டி எழுப்பச் சொன்னது. இந்தத் தீவில் ஒரு தமிழனிடம் சிங்கத்தை எழுப்பச் சொல்வதற்கு முன் சென்னைப் பதிப்பாளர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். இரண்டு மூன்று இடங்களில் எனக்குக் கண் கலங்கியது உண்மை. அது இந்த நோயின் பக்கவிளைவு என்று டொக்டர் சொன்னார். நானும் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

புத்தகங்களால் உடனடியாகப் பயன் பெற்றவர், எனக்கு உடற்பயிற்சி தர கிராண்ட்பாஸிலிருந்து வந்தவர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். முஸ்லிம், நல்ல மனிதர், என் மகன் வயது இருக்கும். தூக்கிப் பழகுவதற்கு ஏதாவது பாரம் வேண்டும் என்று அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த உள்வலிமையை எடுத்து என் வலது உள்ளங்கையில் வைத்தார்.

"இத தூக்குங்க பாப்பம், அங்கிள்."

தூக்கினேன்.

"இது பாரம் பத்தாது. உழைப்பு எங்க ஈக்கு? அந்த மொத்தமான உழைப்ப எடுங்க."

முழங்கையில் இருந்து தோள் வரை அப்படித்தான் பலம் வந்தது. விரல்களுக்கு வரவில்லை. விரல்களுக்கு ஆறு மாதமாகலாம், ஒரு வருடமாகலாம், அது இறைவன் கையில் என்றார். இறைவனின் கை சரியாக வேலை செய்வது பற்றி அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இதற்குள் ஓய்வூதியக்காரர்களின் பருவம் வந்தது. வருடத்துக்கொருமுறை, ஓய்வூதியம் வாங்குகிறவன் தான் இன்னும் சாகவில்லை என்று ஒரு படிவத்தில் எழுதி, கிராம சேவகருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு, அவரது முத்திரையைப் பெற வேண்டும். நேரில் போய் நின்றால் மட்டும் போதாது. மூச்சு விடுவது ஒரு சான்றாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை, கையெழுத்தே சான்று. இதில் எனக்கு முன்பு ஒரு குறையும் தெரிந்ததில்லை. முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கந்தோரில் இருந்தவனுக்கு இது மிக இயல்பாகத்தான் படும்.

கொட்டாஞ்சேனையில் இருந்து என் பழைய சகபாடி ஒருவன் வெள்ளிக்கிழமைகளில் மட்டக்குளி பஸ்ஸில் வந்து போவான். அந்தக் கந்தோரில் இருபது வருடம் எனக்குப் பக்கத்து மேசை. கத்தோலிக்கன். பத்தொன்பதில் ஆறு புத்தகம் அவன் தந்தது. ஒன்றையும் அவன் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு ஒட்டியபடி இருந்த தாள்களே சாட்சி. அவனிடம் படிவத்தைக் காட்டினேன்.

"இதுக்கு என்னடா மச்சான் இவ்வளவு யோசன? கைநாட்டு வையன்."

படிவத்தை அவன் கையிலிருந்து திரும்ப வாங்கினேன்.

"ஓ," என்றான். சிரிப்பை அடக்க அவன் முயற்சி எடுக்கவில்லை. "நீதானே அந்த ரெண்டு வரிசை போட்டவன்."

அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் கந்தோரில் சனங்கள் வந்து படிவங்களில் ஒப்பமிடும் கவுண்டர் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடம் அது என்னுடையது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் கைநாட்டு வைக்கிறவர்களும் ஒரே வரிசையில் வந்தால் மை எல்லா இடத்திலும் படுகிறது, நேரம் போகிறது என்று மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதி, வரிசையை இரண்டாகப் பிரித்தவன் நான். கையெழுத்து இந்தப் பக்கம், கைநாட்டு அந்தப் பக்கம். மிகத் திறமையான ஏற்பாடு என்று பாராட்டினார்கள். கைநாட்டு வரிசையில் நின்றவர்களின் பெருவிரலை நானே பிடித்து, மைப்பெட்டியில் அழுத்தி, இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஒரே உருட்டில் உருட்டித் தாளில் பதிப்பேன். அதன் பிறகு என் கையைத் துடைத்துக்கொள்ள ஒரு துணி வைத்திருந்தேன். அவர்கள் கையைத் துடைக்கத் துணி இருந்ததா என்று இப்போது யாராவது கேட்டால், நாட்குறிப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்க்காமலே சொல்வேன், இருக்கவில்லை.

"கிராம சேவகரை வீட்டுக்குக் கூப்பிடலாம்டா. ஏலாதவங்களுக்கு அவங்க வருவாங்க," என்றான் நண்பன்.

"ஏலாதவன் ஒருத்தனும் இந்த வீட்டில இல்ல."

"அப்ப எப்பிடி சைன் பண்ணப் போற?"

"இடது கையால."

அவன் என் மேசையில் இருந்த புத்தகங்களைப் பார்த்தான். "இதுகள வாசிச்சு உனக்கும் தொத்திட்டுதுடா," என்றான்.

படிவத்துக்குக் கடைசி நாள் வர எட்டு வாரத்துக்கு மேல் இருந்தது. வெற்றுத்தாள் வீட்டில் இல்லை. பத்தொன்பது புத்தகங்களிலும் முன்னும் பின்னும் வெற்றுப் பக்கங்கள் தாராளமாக இருந்தன; இந்த வகைப் புத்தகங்களில் அதில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை. காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை, பின்னேரம் நாலிலிருந்து ஐந்து வரை, இடது கையால் என் கையெழுத்தைப் போட்டேன். என் கையெழுத்து ஆறு எழுத்தும் கடைசியில் ஒரு சுழியும். முதல் வாரத்தில் அது ஒரு கரப்பான்பூச்சி மையில் விழுந்து எழுந்து போனதைப் போல இருந்தது. மூன்றாவது வாரத்தில் எழுத்து என்று சொல்லலாம். ஐந்தாவது வாரத்தில் சுழி பிடிபட்டது. ஒவ்வொரு நாளும் எத்தனை என்று மனதில் கணக்கு வைத்தேன். குறிக்கக் கை இல்லாததால் எண்ணிக்கையை மனைவியிடம் சொல்வேன். அவள் "ஆகா" என்பாள்.

அவள் அந்த நாட்களில் செவ்வாய்க்கிழமை தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் சைவர்கள். கொழும்பில் அது ஒருவரையும் கொச்சிக்கடைக்குப் போகாமல் தடுத்ததில்லை. பிள்ளையாரிடமும் கேட்டாயிற்று, முருகனிடமும் கேட்டாயிற்று, அந்தோனியாரிடம் ஒன்பது செவ்வாய் கேட்கிறாள். என்ன கேட்கிறாள் என்று சொல்லமாட்டாள்.

"என்ர கை சுகமாக வேணுமெண்டுதானே?" என்றேன் ஒருநாள்.

"ஏன், உங்கட கையைத் தவிர எனக்குக் கேக்க வேற ஒண்டும் இல்லையோ?"

அவள் இல்லாத அந்த முன்னேரங்களில் நான் அதிகமாக எழுதினேன்.

எங்கள் தொடர்மாடியைக் கூட்டித் துடைக்க ஒரு பெண் வருவாள். திங்களும் வியாழனும் எங்கள் வீட்டுக்குள்ளும் துடைப்பாள். கொட்டாஞ்சேனையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லைன் அறை போன்ற ஒரு அறையில் இருப்பவள்; அதற்கு முன்பு உண்மையான தோட்டத்து லைனிலேயே இருந்தவள், மலையகத்தில், இருபத்தேழு வருடம் கொழுந்து பறித்தவள். ஆறு வருடமாக வருகிறாள். அவ்வளவு காலத்தில் அவளோடு நான் பேசியது "அந்த மேசையைத் தொடாதே" என்பதுதான். ஒரு வியாழக்கிழமை, என் நாற்காலிக்குக் கீழே துடைக்க வந்தவள் மேசையைப் பார்த்தாள்.

"ஐயா, காலைத் தூக்குங்க. என்னங்க இது, ஒரே பேரையே எழுதிக்கிட்டு இருக்கீங்க?"

"கையெழுத்து. பழகுறன்."

"நானும் அப்பிடித்தாங்க பழகுனேன்."

நான் காலைத் தூக்கியபடி இருந்தேன். அவள் துடைத்துக்கொண்டே சொன்னாள். தோட்டத்து வேலையை விட்டபோது, சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாபக் காசு எடுக்க, கொழும்பில் ஒரு கந்தோருக்குப் போயிருக்கிறாள். கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். தாளில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் விழுந்தது, ரேகை இல்லை. தேசிக்காய் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். மறுபடி வட்டம். மற்ற விரல்களையும் பார்த்தார்கள்.

"கொழுந்து பறிச்ச கையிங்க. தேஞ்சு போச்சு. நாலு தடவ போனேன். இப்பிடி மொட்டையா இருந்தா நீங்க யாருன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்னாங்க. நானும் அதத்தான் கேக்குறேன், அப்ப நான் யாருங்க?"

"பிறகு?"

"மக கொப்பியில பேரை எழுதிக் குடுத்தா. பாத்துப் பாத்து வரஞ்சேன். மூணு மாசம். அஞ்சாவது தடவ போயி சைன் வச்சேன்." வாளித் தண்ணீரில் துணியைப் பிழிந்தாள். "உங்களுக்கு எத்தன மாசமுங்க?"

"அஞ்சு கிழமை," என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"அட, நீங்க படிச்சவங்கதானே," என்றாள்.

அவள் போன பின் அன்றைய எண்ணிக்கையை முடித்தேன். அவள் சொன்னதை நாட்குறிப்புக்குரியது என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. புறப்படுமுன் அவளிடம் ஒரு புத்தகம் தரட்டுமா, உழைப்பைப் பற்றி எட்டு இருக்கிறது என்று கேட்டிருந்தேன். நல்ல மனதோடுதான் கேட்டேன்.

"உழைக்கிறதப் பத்தி எழுதியிருக்காங்களாங்க?" என்று அட்டையில் இருந்த கழுகைப் பார்த்தாள். "எனக்கு நேரம் ஏதுங்க."

கிராம சேவகர் கந்தோர் செவ்வாயும் வியாழனும் திறந்திருக்கும். மனைவியின் ஒன்பதாவது செவ்வாயை நான் தேர்ந்தேன். அவள் இல்லாதபோது போய், முடித்து, அவள் வரும்போது முத்திரையிட்ட படிவத்தை மேசையில் வைத்திருப்பது என் திட்டம். இதற்குத் தயாராக, முதல்நாள் திங்கட்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்கு, கை நன்றாக இருந்த ஒரு நேரத்தில், படிவத்தை எடுத்து கையெழுத்தைப் போட்டேன். ஆறு எழுத்தும் சுழியும். ஏழு வாரத்தில் அதைப் போல ஒன்று வரவில்லை. சென்ற வருடப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், இதுதான் மேல். பக்கத்தில் திகதியும் போட்டேன். செவ்வாய்க்கிழமைத் திகதி. வாழ்நாளில் நான் முன்கூட்டி எழுதிய ஒரே திகதி அதுதான். தாள் மடியாமல் இருக்க விசுவாசத்துக்கும் உழைப்புக்கும் நடுவில் வைத்தேன்.

செவ்வாய் காலை மனைவி மெழுகுதிரியையும் பூவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். "நான் வரும்வரைக்கும் கீழ இறங்கப்படாது, சொல்லிப்போட்டன்" என்றாள். ஒன்பது நாற்பதுக்கு நான் கீழே இறங்கினேன். லிப்ட் வாசலில் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அந்தப் பெண் நின்றாள்.

"வாங்க ஐயா, போவோம்."

"எங்க?"

"அம்மா சொல்லிட்டுப் போனாங்க. இன்னைக்கு நீங்க கட்டாயம் வெளிய போவீங்கன்னு. கூடப் போயிட்டு வான்னாங்க."

நாற்பது வருடத் திருமணத்தில் இரகசியம் என்று நான் வைத்திருந்தவை எல்லாம் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று கந்தோருக்குப் போகும் ஒழுங்கை முழுவதும் யோசித்துக்கொண்டு நடந்தேன். கந்தோர் வாசலில் பிடிமானம் இல்லாத இரண்டு படிகள். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். பிடிக்க விடாமல் இருக்க முயன்று, பிறகு விட்டேன்.

கிராம சேவகர் ஒரு சிங்களப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர். என் முறை வந்ததும் படிவத்தை நீட்டினேன். அவள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் பார்த்தாள். சிங்களத்தில்தான் பேசினாள், மிக மரியாதையாக.

"மாத்தயா, இதில் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறதே. எனக்கு முன்னால் அல்லவா வைக்க வேண்டும்?"

இந்தச் சட்டம் எனக்குத் தெரியும். இதையே பன்னிரண்டு வருடம் கவுண்டரின் அந்தப் பக்கத்திலிருந்து, இவளுடைய மரியாதை எதுவும் இல்லாமல், ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து, இது என்ன வீட்டுப்பாடமா என்று கேட்டிருக்கிறேன். அழகான கையெழுத்து என்ற பெருமையில் அந்தச் சட்டம் ஏழு வாரமாக என் தலைக்குள் வரவேயில்லை.

"பரவாயில்லை," என்று அவள் புதிய படிவம் ஒன்றைத் தந்தாள். "இதில் வையுங்கள்."

இடது கையில் பேனையை எடுத்தேன். வீட்டில் என் மேசையில் என்னை எவரும் பார்ப்பதில்லை. இங்கே பின்னால் நின்ற நாலு பேரும் ஒரு அதிகாரியும் ஒரு மின்விசிறியும் பார்த்தன. முதல் எழுத்து வந்தது. இரண்டாவது எழுத்து பாதியில் நடுங்கி, கோட்டை விட்டு இறங்கி, அந்தப் புதன்கிழமை போன வழியிலேயே போகத் தொடங்கியது. பேனையைத் தூக்கிவிட்டேன். அவள் இன்னொரு படிவம் தந்தாள். இந்த முறை முதல் எழுத்தே வரவில்லை. வரிசையில் யாரோ இருமினார். நேரம் போகிறது என்று அர்த்தப்படும் இருமல் அது; என் கவுண்டரில் நான் அதை இருமியிருக்கிறேன்.

மூன்றாவது படிவத்தை வைத்தபோது அவள் இழுப்பறையைத் திறந்து மைப்பெட்டியை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கைநாட்டு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை.

"இடது பெருவிரல் சுகம்தானே, மாத்தயா?" என்று மட்டும் கேட்டாள்.

இடது பெருவிரல் மிகச் சுகமாக இருந்தது. இந்த நோயின் முதல் நாளிலிருந்து அதற்கு ஒரு குறையும் இல்லை. ஏழு வாரம் நான் எழுதப் பழக்கிய கையில், எந்தப் பழக்கமும் வேண்டாமல் இருந்த ஒரே உறுப்பு அதுதான்.

திரும்பிப் போயிருக்கலாம். வியாழக்கிழமை வந்திருக்கலாம். மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது, நான் எண்ணி வைத்திருந்தேன். வாசலைப் பார்த்தேன். அங்கே அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், துணி பிழிந்து சிவந்த கைகள். நாலு தடவை போனேன் என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. நாலு தடவை. மலையிலிருந்து.

பெருவிரலை மையில் வைத்தேன். யாரும் பிடித்து உருட்ட வேண்டியிருக்கவில்லை, வேலை தெரிந்தவன். இடப்பக்கமிருந்து வலப்பக்கம், ஒரே உருட்டு. எடுத்தேன். என் கவுண்டரில் அவ்வளவு சுத்தமான பதிவு விழுந்ததாக ஞாபகம் இல்லை.

அதிகாரி ஒரு சிறிய பஞ்சுத்துண்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு, கைரேகை வைத்தால் சாட்சிக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். "மாத்தயாவோடு யாராவது வந்திருக்கிறார்களா?"

"ஒரு பெண் வந்திருக்கிறாள், ஆனால்..." என்று தொடங்கினேன். அந்த "ஆனால்" எங்கே போக இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் அவள் உள்ளே வந்துவிட்டாள்.

"சைன் வைக்கணுங்களா? நான் வைப்பேங்க."

கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினாள். தாளுக்கு மிக அருகே குனிந்தாள். அவள் பெயரில் நாலு எழுத்து. முதல் எழுத்தை எழுதிவிட்டு நின்று அதைப் பார்த்தாள். சரி என்று பட்டதும் அடுத்ததற்குப் போனாள். ஒரு எழுத்தின் கால் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதற்காக நிறுத்தவில்லை. வரிசையில் மறுபடி இருமல் கேட்டது. அதிகாரி தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்த்தாள், இருமல் நின்றது. சுவர் மணிக்கூட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் போனது. நான் நீலப் பெருவிரலைத் தூக்கிப் பிடித்தபடி, பஞ்சைப் பாவிக்க மறந்து, பக்கத்தில் நின்றேன்.

முத்திரை விழுந்தது. நான் உயிரோடு இருக்கிறேன்.

படிவத்தை அவளே எடுத்து, மை காய வேண்டும் என்று ஊதினாள். வெளியே படியில் இறங்கும்போது என் பெருவிரல் அடையாளத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"அழகா விழுந்திருக்குங்க ஐயா," என்றாள். உண்மையான வியப்போடுதான் சொன்னாள். "ஒவ்வொரு கோடும் தனித்தனியாத் தெரியுது. ஒண்ணுகூடத் தேயலயே."

இப்படி ஒரு வரி உழைப்பைப் பற்றிய எட்டுப் புத்தகத்திலும் இருக்கவில்லை. "விரலைச் சட்டையில வச்சிடாதீங்க, போகாது" என்று சொல்லிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தாள்.

மனைவி பன்னிரண்டரைக்கு வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் கொச்சிக்கடை எண்ணெய்ச் சீசா. மேசையில் படிவத்தைக் கண்டாள், பிறகு என் விரலைக் கண்டாள். இதை வைத்து ஒரு வருடத்துக்குக் கதைப்பாள் என்று காத்திருந்தேன்.

"கைநாட்டு," என்று நானே சொன்னேன்.

"அதுக்கென்ன," என்றாள். சீசாவைத் திறந்து எண்ணெயை என் வலது கையில் தேய்க்கத் தொடங்கினாள். விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே, "விழாமல் போய்வர வேணுமெண்டு அந்தோனியாரிட்ட கேட்டனான்," என்றாள். "வேற ஒண்டும் கேக்கேல்ல."

அன்று பின்னேரம் நாலு மணிக்கு நாட்குறிப்பை எடுத்தேன். "மாலை ம" என்று நின்ற பக்கத்தைத் திருத்தவில்லை. புதிய பக்கத்தில் இடது கையால், கோணல் கோணலாக, செவ்வாய்க்கிழமை என்று எழுதி, நேரத்தையும் எழுதினேன். உயிரோடிருப்பது உறுதி செய்யப்பட்டது. அதற்குக் கீழே, சாட்சி என்று எழுதிவிட்டு, படிவத்தைப் பக்கத்தில் வைத்து, அந்த நாலு எழுத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். பழைய கொப்பிகளையும் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஆறு வருடத்தில் அவளைப் பற்றி இருநூறுக்கு மேற்பட்ட குறிப்புகள். எல்லாவற்றிலும் "கூட்டுகிறவள் வந்தாள்", "கூட்டுகிறவள் வரவில்லை". மீன் விலை சரியாக இருந்தது, வானிலை சரியாக இருந்தது. பெயர் ஒன்றிலும் இல்லை. அவள் பெயர் எனக்குத் தெரிந்ததே அன்று காலை பத்து இருபத்தைந்துக்குத்தான்.